ழகரம் ஏறிய ஐம்பத்தொன்றாம் விசை

(வேலூர் மாவட்டம் அமிர்தியில், மாணவர்க்கும் தமிழார்வலர்க்குமாக ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழின் தொன்மையைப் பேசுவதற்கு மேடைகள் பல உண்டு. அவற்றில் யானும் பேசியிருக்கிறேன். இன்று அது பேச வந்தேனல்லேன். ஒரு விசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விரல் நுனியளவே உள்ள ஒரு சிறு நெகிழித் துண்டு. அதைப் பற்றி ஒரு மணி நேரமா என்று நீங்கள் எண்ணக்கூடும். பொறுத்துக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்து மலையூர்த் தங்கை ஒருத்தி, மேனிலைப் பள்ளியில் படிப்பவள், தன் ஊரில் சாமை விளைவிப்பதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி எனக்குக் காட்டினாள். கணினியில் அடித்த கட்டுரை. முதல் வரியிலேயே 'மலையில் மலை பெய்தது' என்றிருந்தது. அடுத்த வரியில் 'உலவு' தொடங்கியது என்றிருந்தது. அதற்கடுத்து 'தமில்' என்றே ஒரு சொல். எனக்குச் சினம் வந்தது. ழகரம் நாவில் வாராதவர் பலரைக் கண்டிருக்கிறேன், கையிலும் வாராமற் போயிற்றே என்று நொந்து, "ஏனம்மா, ழகரத்தை உனக்கு எவரும் கற்பிக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலைகுனிந்தபடியே சொன்னாள்: "ஐயா, ழகரம் எனக்குத் தெரியும். என் கணினிக்குத்தான் தெரியவில்லை."

அவள் கணினியை வாங்கிப் பார்த்தேன். அவளுடைய தமையனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினி. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். தமையன் படித்து முடித்தபின் அது தங்கை கைக்கு வந்தது. பழைய பொறி, விண்டோசு அதில் நகரவே மறுத்தது, ஆசிரியர் ஒருவர் இலினக்சை நிறுவிக் கொடுத்திருந்தார். எல்லாம் நன்று. கீழ்வரிசையின் வலக்கோடியில் உள்ள ஒரே ஒரு விசைதான் செத்துக் கிடந்தது. ஆங்கிலத்தில் அது சாய்கோட்டு விசை. மேல்விசையோடு சேர்த்து அழுத்தினால் கேள்விக்குறி. தமிழ்99 முறையில் அதுவே ழகரத்தின் இருப்பிடம். விசை ஒன்று போனவுடன் அந்தப் பெண்ணுக்கு 'தமிழ்' என்று எழுதும் உரிமை போயிற்று. கேள்வி கேட்கும் குறியும் சேர்ந்தே போயிற்று!

நகரத்துப் பழுதுபார்ப்புக் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். ஒற்றை விசையை மட்டும் மாற்ற இயலாது, பலகை முழுவதையும் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மடிக்கணினிகள் பலவற்றில் அது உண்மையே. ஆனால் அதற்கான தொகை அந்த வீட்டில் இல்லை. ஆகவே அவள் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு ழகரத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டுமிடந்தோறும் ஒட்டி ஒட்டி எழுதியிருக்கிறாள். சலித்துப்போன பின்னர் லகரத்தால் நிரப்பியிருக்கிறாள். சினந்த என் நாவை நானே கடிந்துகொண்டேன்.

அந்தப் பொறியில் ழகரத்தை எவ்வாறு மீட்டோம் என்பதைச் சொல்லவேண்டும். அதற்குமுன் விசைப்பலகை என்பது என்ன என்று சற்றே விளக்கியாக வேண்டும்.

பழைய தட்டச்சுப் பொறியில் விசைக்கும் எழுத்துக்கும் இடையே இருந்தது இரும்பு. விசையை அழுத்தினால் நெம்புகோல் எழும். அதன் தலையில் வார்த்திருந்த எழுத்து தாளில் பதியும். எழுத்தை மாற்றவேண்டுமாயின் இரும்பை மாற்றவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்து மலாய் நாட்டிற்குச் சென்று உழைத்த இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது அவர் எதிர்கொண்ட பெருந்தடை இதுவே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் எங்ஙனம் அடக்குவது? உயிர்மெய்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொம்பு வேறு கால் வேறு என ஆக்கி, பொறித்த பின்னும் தாள் நகராது நிற்கும் விசைகளைச் சிலவற்றுக்கு அமைத்து அவர் வழிகண்டார். அது பேரறிவின் செயல். அந்தப் பொறியில் 'கொ' என்று எழுதக் கொம்பை முதலில் அடித்து, ககரத்தை அடுத்து அடித்து, காலைப் பின்னர் அடிக்கவேண்டும். மொழியின் ஒலிமுறை அதுவன்று. இரும்பின் முறை அது. இரும்புக்காக நாம் வளைந்தோம். அக்காலத்திற்கு வேறு வழியில்லை.

கணினியில் இரும்பு இல்லை. இதுதான் இன்றைக்கு நீங்கள் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி. கணினியின் விசையை அழுத்தினால் எழுத்து ஒன்றும் உள்ளே செல்வதில்லை. ஓர் எண் செல்கிறது. விசையின் முதுகில் ஆங்கிலத்தில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள் என்பது பொறிக்குத் தெரியவே தெரியாது. இலினக்சின் எக்சு சாளர அமைப்பில் அந்தத் தங்கையின் செத்த விசைக்கு எண் 61. அதற்கு மேலே, எண்டர் விசையை ஒட்டி இருக்கும் பின்சாய்கோட்டு விசைக்கு எண் 51. இந்த எண்ணை எந்த எழுத்தாகக் கொள்வது என்று முடிவு செய்வது ஒரு கோப்பு. வெறும் எழுத்துக் கோப்பு, திறந்தால் படிக்கலாம், படித்தால் திருத்தலாம். அடைத்து முத்திரையிட்ட பெட்டியன்று.

பின்லாந்து நாட்டில் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்சு 1991இல் இலினக்சின் கருவை வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1983இல், இரிச்சர்டு இசுடால்மன் அமெரிக்காவில் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்கியிருந்தார். மென்பொருளை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்குக் கொடுக்கவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை உண்டு என்பது அவர்தம் கொள்கை. இதனை ஏழைக்கான மாற்று என்று இகழ்வோர் உளர். உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பர் முதல் இலினக்சு ஒன்றிலேயே இயங்கி வருகின்றன. அவற்றையுமா ஏழையின் பொறி என்பார்கள்? நம் நாட்டிலும் எல்காட்டு நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் தன் கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டியது. நடுவணரசின் சி-டாக்கு நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாசு இலினக்சு, அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு உடன்வந்தது. எத்தனை பிள்ளைகள் அதனைத் திறந்து பார்த்தார்கள்? வீட்டில் இரண்டு வாயில்கள் இருந்தும் ஒன்றை மட்டுமே நாம் பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

இனித் தமிழ்99 பற்றி. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாட்டையடுத்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. அதுகாறும் ஆளுக்கொரு பலகை, ஊருக்கொரு குறியீடு என்றிருந்தது நிலை. தமிழகத்தார் மட்டுமல்லர், சிங்கப்பூர், மலேசியா, ஈழம், மேலைநாடுகள் ஆகியவற்றில் வாழ்ந்த தமிழ்க் கணிஞர்களின் உழைப்பும் அந்த மாநாட்டில் வந்து சேர்ந்தது.

இந்தப் பலகையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். உயிர் பன்னிரண்டு, வகரம் ஒழிந்த இடப்பக்க விசைகள் பெரும்பாலும் அவற்றுக்கே. மெய் பதினெட்டு, அவற்றுட் பெரும்பாலன வலப்பக்கம். ஆய்தம் ஒன்று, இடக்கைச் சுட்டுவிரலின் கீழ். ஆக 31 விசைகள். தொல்காப்பியர் எழுத்தெனப்படுவன முப்பது என்று வகுத்துச் சார்பெழுத்தை வேறாக வைத்தாரன்றோ? அந்த முப்பதும் ஆய்தமும் சேர்ந்தவைதாம் இந்தப் பலகை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இலக்கணத்தில் வைத்த கணக்கு, நெகிழிப் பலகைக்கு அப்படியே பொருந்தி வருகிறது. மேல்விசையைத் தொடாமலே இருநூற்று நாற்பத்தேழும் பிறக்கின்றன. ஒரு கை மட்டுமே உள்ள ஒருவர் இரு விசைகளை ஒருசேர அழுத்த வேண்டிய தொல்லையின்றித் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். ஆங்கிலத்திற்கு இந்த வாய்ப்பில்லை.

'வாழைப்பழம்' என்று அடிப்போம். வ, ஆ, ழ, ஐ, ப, ப, ழ, ம, புள்ளி. ஒன்பது தட்டு. பகரத்தை இருமுறை அடித்தபோது முதற்பகரத்திற்குப் புள்ளி தானே விழுந்தது. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ என நான்கே தட்டு. நகரத்தின்பின் தகரம் வந்தால் இடையில் புள்ளி வரும் என்பதைப் பலகையே அறிந்திருக்கிறது. ஙகரத்தின் பின் ககரம், ஞகரத்தின் பின் சகரம், ணகரத்தின் பின் டகரம், மகரத்தின் பின் பகரம், னகரத்தின் பின் றகரம் என்று இனவெழுத்துகளுக்கெல்லாம் அப்படியே. மெல்லினத்தின் அடுத்து அதன் இனவல்லினம் வருதல் தமிழின் இயல்பு. அவ்வியல்பு விசையில் இறங்கியிருக்கிறது.

இதே 'வாழைப்பழத்தை' உரோம எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் அடித்தால் பன்னிரண்டு தட்டு. தட்டுக் கணக்குக்காக யான் அதனை எதிர்க்கவில்லை. அந்த முறையில் லகரத்திற்குச் சின்ன 'எல்'. ளகரத்திற்குப் பெரிய 'எல்'. ரகரத்திற்குச் சின்ன 'ஆர்'. றகரத்திற்குப் பெரிய 'ஆர்'. னகரத்திற்குச் சின்ன 'என்'. ணகரத்திற்குப் பெரிய 'என்'. பத்து வயதுப் பிள்ளை ஒன்று இவ்வாறு தமிழ் அடிக்கப் பழகினால் அதன் உள்ளத்தில் என்ன பதியும்? ளகரம் என்பது லகரத்தின் பெரிய வடிவம் என்று பதியும். றகரம் வல்லினம், ரகரம் இடையினம். ஒன்று மற்றதன் பெருக்கமா? வேறு வேறு பிறப்புடைய எழுத்துகளை ஒரே அயலெழுத்தின் சின்னதும் பெரியதுமாகக் காட்டும் பலகை, பிள்ளையின் இலக்கணத்தையே கலைக்கிறது. தமிழை நினைத்து, ஆங்கில எழுத்தாக மாற்றி, அதைப் பொறி மீண்டும் தமிழாக மாற்ற, சொந்த வீட்டிற்குள் அயலான் வாயில்வழி நுழைகிறோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த முறையால் எழுதியவர்களை யான் இகழேன். கணினியில் தமிழே இல்லாத நாளில், உரோம எழுத்தொன்றே அறிந்த பலகையோடு, அயல்நாட்டு அறையிலிருந்து தமிழ் வளர்த்தவர் பலர் அவ்வழியில் வந்தவரே. அவர்கட்கு அது தெப்பம். கரையேறிய பின்னும் தெப்பத்தைத் தலையில் சுமக்கவேண்டுமா என்பதே என் கேள்வி.

இன்னொரு பலகையும் உண்டு. நடுவணரசின் மின்னணுத் துறை 1986இல் வகுத்த இன்சுகிரிப்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு என்பது அதன் நோக்கம். தேவநாகரியின் வருக்க வரிசையை அடியாக வைத்து எல்லா மொழிகளையும் அதன்மேல் ஏற்றினார்கள். நமக்கில்லாத ஒலிகளுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. ஆகலின் தமிழுக்கு வரும்போது பல இடங்கள் வெற்றிடமாய்க் கிடக்கின்றன. அண்டை வீட்டாரின் அளவுக்குத் தைத்த சட்டை. இலினக்சில் தமிழ் என்று தேடினால் இன்சுகிரிப்டும் தமிழ்99உம் பட்டியலில் அருகருகே நிற்கும். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலில் கண்டதைச் சொடுக்கிவிட்டுத் தமிழ் வரவில்லை என்று புலம்பாதீர்கள்.

இலினக்சில் விசைப்பலகை ஈரடுக்கு. கீழடுக்கு எக்சுகேபி எனப்படும். எண்ணைக் குறியாக மாற்றுவது அதன் வேலை. நாட்டுக்கொரு கோப்பாக அவை அடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவுக்குரிய கோப்பில் தமிழ்99 உண்டு. தமிழ் எண்களோடு கூடிய தமிழ்99 தனியே உண்டு. இலங்கைக்குரிய கோப்பிலும் தமிழ் உண்டு. ஆனால் இந்தக் கீழடுக்குக்கு முன்வந்த எழுத்தை நினைவில் வைக்கத் தெரியாது. ககரத்தின் பின் ஆகாரம் வந்தால் 'கா' ஆக்கவேண்டும் என்றோ, பகரம் இரட்டித்தால் புள்ளியிட வேண்டும் என்றோ அதற்குத் தெரியாது. அந்த அறிவு மேலடுக்கில் உள்ளது. எம்17என் என்று அதற்குப் பெயர். சப்பான் நாட்டு ஆய்வகத்தார் ஆக்கியது. பன்மொழியாக்கம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்துக்கும் ஈற்றெழுத்துக்கும் இடையே பதினேழு எழுத்துகள் இருப்பதால் இந்தப் பெயர். சப்பானியர் தம் மொழிக்காக மட்டும் உழைக்காமல், தமிழ்99 முதலாக நம் பலகைகளும் தம் அடுக்கில் அமர்வதற்கு இடங்கொடுத்தார்கள். ஐபசு என்னும் உள்ளீட்டுக் கருவியின் வழியாக அது நம் திரைக்கு வருகிறது.

இப்போது அந்தத் தங்கையின் பொறிக்குத் திரும்புவோம்.

ழகரத்தை மேலடுக்கில் வேறு விசைக்கு மாற்றலாமா என்று முதலில் எண்ணினேன். மாற்றலாம், ஆனால் கேள்விக்குறி மீளாது, ஆங்கிலத்தில் சாய்கோடும் மீளாது. கீழடுக்கில் கைவைத்தால் மூன்றும் ஒருங்கே மீளும். எக்சு-ஈவி என்று ஒரு சிறு கருவி உண்டு. அதனை ஓடவிட்டு எந்த விசையை அழுத்தினாலும் அதன் எண்ணைத் திரையில் காட்டும். செத்த விசையை அழுத்தினோம், ஒன்றும் வரவில்லை. பின்சாய்கோட்டை அழுத்தினோம், 51 என்று காட்டிற்று. பள்ளிப் பிள்ளைக்குப் பின்சாய்கோட்டால் ஆவதென்ன? ஒன்றுமில்லை. '51ஆம் விசை இனிச் சாய்கோடு; மேல்விசையோடு சேர்ந்தால் கேள்விக்குறி' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தோம். கீழடுக்கு அதனைச் சாய்கோடாக மேலே அனுப்ப, மேலடுக்கு சாய்கோட்டைக் கண்டு ழகரமாக்கிற்று. திரையில் 'மழை' வந்தது.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பை எழுத்தில் வடிக்க எனக்குத் தெரியாது.

கதை அத்தோடு முடியவில்லை. அவள் ஆங்கிலத்திற்கு மாறி மீண்டும் தமிழுக்கு வந்தபோது ழகரம் மறுபடி மறைந்துவிட்டது! பலகை மாறும்போது அமைப்பு தன் கோப்பை மீண்டும் படிக்கிறது. இடையில் நாம் சொன்ன சொல்லை மறந்துவிடுகிறது. வாய்ச்சொல் போதாது, ஏட்டில் எழுதவேண்டும் என்பதுதான் கணினியின் வழக்கம் போலும். ஆகவே கீழடுக்கின் ஆங்கிலப் பலகைக் கோப்பையே திறந்து, பின்சாய்கோட்டுக்குரிய வரியில் இரு சொற்களை மாற்றி எழுதினோம். திறக்குமுன் மூலக் கோப்பை ஒரு படி எடுத்து வைத்தோம். இதனை மறவாதீர்கள், தம்பியரே. ஓர் எழுத்துப் பிழை, ஓர் அடைப்புக் குறி விடுபடல், பலகை முழுவதும் ஊமையாகிவிடும். அமைப்பைப் புதுப்பிக்கும்போது மூலக் கோப்பு திரும்ப வந்து நம் திருத்தத்தை மூடிவிடுவதும் உண்டு. எனவே திருத்திய வரியை ஒரு தாளில் எழுதி, பொறியின் அடிப்பக்கம் ஒட்டிவைக்கச் சொன்னேன். அடுத்த முறை அவளே எழுதிக்கொண்டாள்.

விசை மாற்றத்தில் மேலும் இரண்டு செய்திகள்.

கேப்சு லாக்கு என்று இடப்பக்கம் ஒரு பெரிய விசை இருக்கிறதே, அது எதற்கு? ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளைத் தொடர்ந்து அடிப்பதற்கு. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்னும் வேற்றுமையே இல்லை. அகரம் ஊரின் பெயரிலும் அகரந்தான். அரசன் பெயரிலும் அகரந்தான். சிறுவிரலுக்கு மிக அண்மையில் அத்துணை நல்ல இடத்தில் நமக்கு ஒரு வேலையும் செய்யாத விசை அமர்ந்திருக்கிறது. அதனை மொழிமாற்று விசையாக ஆக்கிக்கொள்ளலாம். ஒருமுறை தட்டினால் தமிழ். மறுமுறை தட்டினால் ஆங்கிலம். இதற்குக் கோப்பைத் திறக்கவும் வேண்டா. கீழடுக்கின் தெரிவுகளிலேயே இருக்கிறது. இரு பலகைகளையும் கீழடுக்கிலேயே வைத்திருப்போர் அந்த விசையின் சிறு விளக்கையும் தமிழுக்குரிய விளக்காக மாற்றிக்கொள்ளலாம். விளக்கெரிந்தால் தமிழ் என்று பொருள்.

அடுத்தது அயலெழுத்துகள். தமிழ்99 பலகையில் மேல்வரிசை இடப்பக்கத்து ஆறு விசைகளின் மேல்தட்டில் கிரந்த எழுத்துகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஈண்டு அச்சிட்டுக் காட்டவும் எனக்கு மனமில்லை. ஆயினும் வகுத்தவர்கள் அவற்றை முப்பத்தொன்றினின்று பிரித்து, மேல்விசையால் வலிந்து தேடினாலன்றிக் கிட்டாத இடத்தில் வைத்தார்கள் என்பதைக் காண்க. என் சொந்தக் கணினியில் மேலடுக்குக் கோப்பை என் இல்ல அடைவில் படியெடுத்து, அந்த ஆறு வரிகளையும் நீக்கினேன். நீக்கியவுடன் அவ்விடங்களில் உரோம எழுத்து எட்டிப்பார்த்தது! வெற்றிடத்தை விட்டால் அயலான் வந்து அமர்வான்போலும். எனவே நம் முன்னோர் கணக்கேடுகளில் எழுதிய ௳, ௴, ௵, ௶, ௷, ௸ என்னும் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படிக் குறிகள் ஆறினையும் அங்கே அமர்த்தினேன். அவை 2003இலேயே ஒருங்குறியில் ஏறிவிட்டவை. ஆனால் நம் விரலுக்கு எட்டாமலே இருந்தன. பள்ளியின் பொதுக் கணினியில் யான் இவ்வாறு செய்யமாட்டேன். பிறர் விரல் தேடுவதைப் பிறர் விரல் காணவேண்டும். அலுவலகப் பதிவேட்டில் ஒருவர் தம் பெயரை எழுதுகின்ற வண்ணமே எழுதவேண்டிய கடமையும் உண்டு. சொந்தப் பொறி வேறு, பொதுப் பொறி வேறு. என் நண்பர் சிலர்க்கு இதில் என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

இனித் தொடுபலகை. விசைப்பலகைக்குக் கீழே நாம் விரலால் தேய்க்கும் அந்தச் சதுரம். கடைக்காரர் டச்சுபேடு என்பார். இதற்கும் தமிழ் எழுதுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மடிக்கணினியில் எழுதும்போது நம் உள்ளங்கை எங்கே படுகிறது? தொடுபலகையின்மேல். கட்டைவிரலின் அடிச்சதை சற்றே உராய்ந்தால் போதும். இடங்காட்டி மூன்று வரி மேலே தாவிவிடும். நாம் அடித்துக்கொண்டே போவோம். 'ஞாயிறு' என்ற சொல்லின் பாதி இங்கும் பாதி வேறெங்கோவும் விழும். ஒருமுறை என் கைபட்டு ஒரு பத்தி முழுவதும் தேர்வாகி, அடுத்த தட்டில் அழிந்தே போயிற்று. அதுவும் ஓர் இரங்கலுரை. இரவெல்லாம் எழுதியது.

இதற்கும் இலினக்சில் மருந்துண்டு. 2014 முதல் வளர்ந்துவரும் இலிப்-இன்புட்டு என்னும் அடுக்கு தொடுபலகையை ஆள்கிறது. தட்டச்சிடும்போது தொடுபலகையை அணைத்துவைக்கும் தெரிவு அதில் உண்டு. விசைகள் அழுத்தப்படும் வரையிலும், அதன்பின் கண்ணிமைக்கும் சிறு பொழுதும், தொடுபலகை உறங்கும். விரல் நின்றவுடன் விழிக்கும். உள்ளங்கையின் அகன்ற படிவை விரலின் படிவினின்று பிரித்தறியவும் அது முயல்கிறது. பழைய பொறிகளில் அந்த அறிவு குறைவு. அங்கே தட்டிச் சொடுக்குதலை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பொத்தானை மட்டும் வைத்துக்கொள்வது நலம். பல மடிக்கணினிகளில் அது தொடக்கத்திலேயே அணைந்திருக்கும். பழுதென்று எண்ணிக் கடைக்கு ஓடாதீர்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இடப்பொத்தானையும் வலப்பொத்தானையும் இடமாற்றிக் கொடுக்கலாம். இரு விரலால் நகர்த்தும்போது பக்கம் எத்திசையில் ஓடவேண்டும் என்பதும் உங்கள் விருப்பமே. சாமைக்கு நிலம் திருத்துபவன் தன் கைக்கேற்ற காம்பைத்தான் களைக்கொட்டில் பூட்டுகிறான். கணினிக்கு மட்டும் கடைக்காரன் பூட்டிய காம்பே போதும் என்று ஏன் இருக்கவேண்டும்?

பழகுவது எப்படி என்று ஆசிரியர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். விசைமேல் ஒட்டும் தமிழ்த் தாள்கள் வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். பலகையின் படத்தை ஒரு தாளில் வரைந்து திரைக்கருகில் வையுங்கள். எல்லாப் பலகையிலும் இரு விசைகளில் சிறு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இடக்கை மேடு புள்ளிக்கும் ஆய்தத்திற்கும் உரியது. வலக்கை மேடு பகரம். இடக்கை நடுவரிசையில் அ, இ, உ. வலக்கை நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. மிகுதியாக வரும் எழுத்துகளெல்லாம் விரல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தத் தங்கை நாளும் அரைமணி நேரம் பழகி, சில கிழமைகளில் பலகையைப் பாராமலே எழுதத் தொடங்கினாள். முதற்சில நாள் எரிச்சல் வரும்; உரோம எழுத்துமுறை விரைவாகத் தோன்றும்; மீண்டும் அதற்கே ஓடத் தோன்றும். அந்த நாள்களில்தான் ஆசிரியர் அருகிருக்கவேண்டும்.

அவள் இப்போது தன் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் விதைப் பெயர்களையும் காட்டுக் கிழங்குப் பெயர்களையும் கேட்டுக் கேட்டு அந்தப் பொறியில் எழுதி வருகிறாள். கிழங்கு என்ற சொல்லிலேயே ழகரம் இருக்கிறது. மழை, உழவு, குழி, விழுது, தழை, கூழ், தாழ்வாரம் என்று மலைவாழ்வின் சொற்களில் ழகரம் எங்கும் நிறைந்திருக்கிறது. கூழை எழுத முடியாத பலகையால் அந்த ஊரை எப்படி எழுதுவது? 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலினக்சைத் தமிழாக்கப் புறப்பட்ட அன்பர்கள் தம் பணிக்கு 'ழ கணினி' என்று பெயர் வைத்தது எனக்கு அப்போது வெறும் அழகாகத் தோன்றிற்று. அந்தச் செத்த விசையைக் கண்டபின் அந்தப் பெயரின் பொருள் வேறாக விளங்கிற்று.

மடிக்கணினி கொண்டுவந்திருக்கும் தம்பி தங்கையர் உணவுக்குப் பின் அந்த ஆலமரத்தடிக்கு வாருங்கள். பலகைப் படங்கள் நாற்பது படி எடுத்து வந்திருக்கிறேன். விசை கெட்ட பொறிகளை முதலில் பார்ப்போம். தொடுபலகை தொல்லை தருவனவற்றை அடுத்துப் பார்ப்போம். மின்னேற்றியை மறவாமல் எடுத்து வாருங்கள். மரத்தடிக்கு ஒரே ஒரு மின்கம்பிதான் இழுத்திருக்கிறார்கள். வேலூருக்குக் கடைசிப் பேருந்து போகும்வரை யான் அங்கேதான் இருப்பேன்.